அவர் பார்த்த சுவர்

தையல்காரிக்கு நிறம் என்பது தொழில். துணியைப் பார்த்த மாத்திரத்தில், அதற்கு இசைந்த நூல்கண்டை நோக்கிக் கை தானாகப் போய்விடும். அவளுக்கு வாய்த்த கணவரோ தச்சர். பச்சை நூல் வாங்கிவரச் சொன்னால் பழுப்பு நூலோடு வந்து, வெற்றி வீரரைப் போல நிற்பார். படுக்கையறைச் சுவருக்கு அவள் ஆசை ஆசையாய் ரோஜா நிறம் அடித்த அன்று, "சாம்பல் நல்லாத்தான் இருக்கு" என்றார். அன்று தொடங்கிய வழக்கு, அவர் கண்மூடும்வரை தீர்ப்பின்றி நடந்தது.

ஒரே கட்டில், ஒரே சுவர். ஆயினும் காலைதோறும் இருவரும் வெவ்வேறு அறைகளில் கண்விழித்திருக்கிறார்கள் என்பது, அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவருடைய அறைக்குள் ஒருமுறையேனும் நுழைந்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"பெயிண்டுக் கடையில இதைச் சொன்னா சிரிப்பாங்கக்கா" என்றாள் உடன் வந்த தங்கை.

"சிரிக்கட்டும். அவங்க பல்லு, அவங்க சிரிப்பு."

கடையில் வண்ணம் கலப்பவர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து பெயர்த்து வந்த சில்லை அவள் மேசைமேல் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரருக்குச் சாம்பலாத் தெரியும். அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ, அந்த நிறம் எனக்கு வேணும்."

கலப்பவர் சில்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி காதுல விழ வேணாம்மா. எனக்கும் அதே கண்ணுதான்."

"ஐயையோ, வண்ணம் கலக்குறவருக்கா?" என்றாள் தங்கை.

"கலர் அட்டையில நம்பர் இருக்கு, மெஷின் கலக்குது, நான் மூடியை மூடுறேன். கண்ணுக்கு இங்க என்ன வேலை?"

சில்லை ஓர் அட்டையின்மேல் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததற்கு நகர்வார். வெகுநேரம் கழித்து ஓர் அட்டையில் அவர் கை நின்றது.

"இதுவும் உங்க சில்லும் எனக்கு ஒண்ணுதாம்மா. மயிரிழை வித்தியாசம் கிடையாது."

அவள் கண்ணுக்கு அது அடுப்புச் சாம்பல்; சற்றே நீலம் ஓடியது.

"அவருக்கும் இப்படித்தான் தெரிஞ்சிருக்குமா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லலாம். எப்படித் தெரியுதுன்னு உங்களுக்கு எப்படிம்மா சொல்லுவேன்?"

சுவருக்கு அந்த நிறத்தையே அடித்தார்கள். மறுநாள் காலையில் அவள், கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் கண்விழித்தாள்.

தங்கை கதவருகே வந்து நின்றாள். "என்னக்கா, மாமா பார்த்தது தெரியுதா?"

"சாம்பல் தெரியுது" என்றாள்.

அது அவளுடைய சாம்பல். அவருடைய அறை திறக்கவில்லை. போதாக்குறைக்குத் தன்னுடைய ரோஜாவையும் பறிகொடுத்தாகிவிட்டது. வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இப்போது உள்ளே வந்தால், சுவரில் எதுவும் மாறியதாகவே அவருக்குத் தெரியாது. அவர் விட்டுப்போன அறை, விட்டபடியே இருக்கும்.

அவள் தன் பக்கத்துக்கு நகர்ந்து, அவருக்கு இடம்விட்டுப் படுத்துக்கொண்டாள்.