அலை இல்லாத இடம்

ஆரியங்கோட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஷியாமளாவுக்கு நெய்யாறு சொந்த முற்றம் மாதிரி. மழையில் கலங்கி ஓடும்போதும் அக்கரைக்கு நீந்திப் போய் வருவாள். கணவன் அனிலுக்கோ குளத்தில் மூன்றாவது படியைத் தாண்டவே பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோட்டுகால் பக்கத்துக் கடற்கரைக்கு வந்தார்கள். உயிர்காப்புக் காவலர்கள் குளிக்கும் இடத்தைக் காட்ட நட்டிருந்த இரண்டு கொடிகளுக்கு நடுவே கூட்டம் அலையில் விழுந்து எழுந்து கூச்சலிட்டது. சற்றுத் தள்ளி, அலையே உடையாமல் ஒரு பட்டை தண்ணீர் சாதுவாகக் கிடந்தது.

“அங்க குளிப்போம். அலையே இல்ல பாருங்க.”

“ஏட்டி, கொடி இங்கயாக்கும் வச்சிருக்கு.”

“அது நீந்தத் தெரியாதவங்களுக்காக்கும். நீங்க வேணும்னா கொடிக்கம்பத்தப் பிடிச்சிட்டு நில்லுங்க.”

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆற்றில் நுரைக்கிற இடத்தில் பாறை இருக்கும். அடங்கிக் கிடக்கிற இடத்தில்தான் குளிப்பார்கள். அந்தக் கணக்கையே அவள் கடலுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவளின் காலடி மணல் உருவிக்கொண்டு போனது. சுதாரிப்பதற்குள் கால் எட்டவில்லை. கரையைப் பார்த்து நீந்தினாள். எத்தனை கை வீசியும் அனிலின் நீலச்சட்டை சிறிதாகிக்கொண்டே போனது. எங்கோ விசில் ஊதினார்கள். அப்போது அந்த நீலச்சட்டை தண்ணீருக்குள் இறங்குவதைக் கண்டாள்.

“ஐயோ, வராதீங்க!”

குரல் கரைக்கு எட்டவில்லை. அந்த மனிதன் மூழ்குவதற்குள் அவள் கரைசேர வேண்டும். அந்தப் பதற்றத்தில்தான் புத்தி தெளிந்தது. வெள்ளம் வரும்போது நெய்யாற்றை எதிர்த்தா நீந்துவாள்? குறுக்கேயல்லவா போவாள்!

மல்லாந்து மிதந்து மூச்சை மீட்டாள். கரைக்கு நேராகப் போகாமல், கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் பார்த்துக் கை வீசினாள். இழுப்பு மெல்லத் தளர்ந்தது. வேண்டாமென்று ஒதுங்கிய அதே அலைதான் அவளைத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. மிதவையோடு நீந்தி வந்த காவலர் பினு அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

“சேச்சி, கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழியாக்கும் அது. அதான் அங்க அலை உடையாதது.”

கரையில் அனிலின் கைகளை இரண்டு மீன்காரர்கள் இறுகப் பிடித்திருந்தார்கள். நெஞ்சுவரை நனைந்திருந்தான்.

“நீந்தத் தெரியாத ஆளு எதுக்கு எறங்குனீங்க?”

“நீ அங்க கெடந்து தவிக்க, நான் கொடிக்கம்பத்தப் பிடிச்சிட்டு நிக்கணுமா?”

ஷியாமளா அவன் கையைப் பிடித்துக் கொடிகளுக்கு நடுவே கூட்டிப்போய், கணுக்கால் நனையும் இடத்தில் உட்காரவைத்தாள். தானும் உட்கார்ந்தாள். அலை வந்து இருவர் மடியிலும் மணலைக் கொட்டிவிட்டுப் போனது.