ஓய்வு பெற்ற ஆசிரியையின் முதுகுவலி

அன்று காலை அவள் ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருந்தாள். முந்தின நாள் டாக்சி ஓட்டுநர். அதற்கு முன்னால் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாய். சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்காமலே இத்தனை அவதாரம் எடுக்க வேறு யாரால் முடியும்!

விஷயம் இதுதான். வீட்டிலிருந்தபடியே, கேட்பவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். பல் மருத்துவமனைக்கு அறிமுகம், பாத்திரக் கடைக்கு விளம்பரம், மேடையென்றால் நடுங்கும் மேலாளருக்கு வரவேற்புரை என்று எதுவும் வரும். விடாமல் வேலை தந்தவர் ஒருவர்தான். இணையத்தில் நாற்காலி விற்பவர். பாதிக் குடும்பம் அவர் தரும் வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி வாங்கியவர்கள் சொன்னதாக நாலு நல்ல வார்த்தை, அதுதான் அவருக்கு வேண்டும்.

"வாங்கினவங்க நம்பர் குடுங்க சார், பேசிட்டு எழுதறேன்" என்று ஆரம்பத்தில் அவளும் கேட்டுத்தான் பார்த்தாள்.

"அவங்களை எதுக்கு மேடம் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீங்களே எழுதிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்த நாற்காலியைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு எழுதித் தள்ளினாள். ஆசிரியையின் முதுகுவலி பறந்தே போனது. எழுதியவளோ, தலையணை கட்டிய மர நாற்காலியிலிருந்து "ஐயோ அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் கணவன் ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"கண்ணை மூடிக்கோ. நான் சொல்றப்பதான் திறக்கணும்."

திருகு முடுக்கும் சத்தம், திருகு தொலைந்த சத்தம், அதைத் தேடிக் கட்டிலுக்கடியில் தலையை இடித்துக்கொண்ட சத்தம். கண்ணைத் திறந்தாள். படத்தில் பார்த்த அதே நாற்காலி!

"எத்தனை நாள்தான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடப்ப? நல்லா விசாரிச்சுதான் வாங்கினேன். ஒரு ரிட்டயர்டு டீச்சர் எழுதியிருக்காங்க பாரு, படிச்சதும் எனக்கே கண் கலங்கிடுச்சு. உட்காரு, உட்காரு!"

உட்கார்ந்தாள். முதுகுப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது. கடைசியில் அவள் கால்கள் மேலே, கண்கள் கூரையைப் பார்த்தபடி.

"அந்த டீச்சர் இதுல எப்படித்தான் உட்கார்ந்தாங்களோ!" என்று பதறிக் கைகொடுத்தான் கணவன்.

"அந்த டீச்சர் நான்தாங்க."

அவன் முதலில் திருதிருவென்று விழித்தான். பிறகு சிரித்தான், தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "உனக்காகத்தானே ஆசை ஆசையா வாங்கினேன்" என்றான். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்படி எத்தனை பேர் ஆசையாக வாங்கி ஏமாந்தார்களோ என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போதே நாற்காலிக்காரரைக் கூப்பிட்டாள். பாதிக் குடும்பம் போனாலும் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள்.

"நான் எழுதின பொய்யை எல்லாம் எடுத்துடுங்க சார். இனிமே நிஜமா வாங்கினவங்ககிட்ட பேசித்தான் எழுதுவேன், திட்டினா அதையும் சேர்த்து. இஷ்டமில்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "கோவிச்சுக்காதீங்க மேடம். எல்லாத்தையும் எடுத்துடறேன், நம்பரும் அனுப்பறேன். உங்களை விட்டா எனக்கு யாரு எழுதுவா? ஆனா உங்க வீட்டுக்காரர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நல்லதாப் பார்த்து அனுப்பியிருப்பேனே!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்கறவங்க எல்லாருமே யாரோ ஒருத்தர் வீட்டுக்காரர்தான் சார். முகம் தெரியாதவங்கதானேன்னு நாம பொய் சொல்றோம். அந்தப் பொய்யை நம்பி ஏமாறுறது நம்ம வீட்டு ஆளாவும் இருக்கும்."