துண்டுக்குள் பேசிய விலை

சண்முகவள்ளி யாரையும் லேசில் நம்பமாட்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஊர் சொல்லும். அவளோ அளக்கிற படியைக் கவிழ்த்து, அடியில் மெழுகு ஒட்டியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அளக்கவே தொடங்குவாள். கமுதிக்குப் பக்கத்தில் மிளகாய் போடுகிறவளுக்கு, அதிலும் புருசன் வீரபத்திரனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாக வெள்ளாமை பார்க்கிறவளுக்கு, இந்தக் குணம் இல்லாமல் போயிருந்தால் பக்கத்துக் காட்டுக்காரன் என்றைக்கோ வரப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருப்பான்.

அப்படிப்பட்டவள் கார் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. திருப்புல்லாணியில் ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில், மகள் ஜெயப்பிரியாவின் மாமியார் பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பஸ்லயா வந்திய?" என்று கேட்டுவிட்டாள். சாம்பார் வாளியோடு வந்தவன்கூட ஒரு நிமிசம் நின்று இவள் முகத்தைப் பார்த்தான். அந்த வருசம் மிளகாய்க்கு நல்ல விலை. பணம் பேங்கில் கிடந்தது. கை கழுவும்போதே முடிவு செய்துவிட்டாள்.

சங்கதி கேள்விப்பட்டதும் கொழுந்தன் முத்துகிருஷ்ணன், "ராமநாதபுரத்துல எனக்குத் தெரிஞ்ச ஷோரூம் இருக்கு மதினி. நான் கூட வாரேன்" என்றான். வீரபத்திரனின் தம்பி அவன். 'தெரிஞ்ச' என்ற வார்த்தை சண்முகவள்ளிக்குச் சுருக்கென்று தைத்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அவன்மேல் அவளுக்கு இருந்த சந்தேகம் இன்று நேற்று முளைத்ததல்ல. அந்தப் பக்கத்து மிளகாய்க் கமிசன் கடைகளில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் எதிரெதிரே நின்று, கைகளின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரல் மடங்கியது, எத்தனை நீண்டது என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. உள்ளே பேசியதை வெளியே சொல்லவும் கூடாது. முடிந்த விலை மட்டும்தான் வெளியே வரும். ஒரு பொம்பளை அந்தத் துண்டுக்குள் கையை விட்டு அந்நிய ஆம்பளையின் விரலைப் பிடிக்க முடியுமா? வீரபத்திரன் போன பிறகு அவளுடைய மூட்டைகளுக்கும் முத்துகிருஷ்ணன்தான் கை கொடுத்தான். இவள் தள்ளி நின்று துண்டு அசைவதைப் பார்ப்பாள். "முடிஞ்சது மதினி" என்று வந்து ஒரு விலை சொல்வான். ஒரு வருசமும் அது குறைச்சலான விலையாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளுக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

எனவே கார் விசயத்தில் அவள் முந்திக்கொண்டாள். மகளை விட்டு மதுரையில் அதே காருக்கு விலை கேட்டு வைத்தாள். இன்சூரன்ஸ் போக எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். அதை ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. முத்துகிருஷ்ணன் இதற்கு மேலே விலை முடித்தால் உள்ளே தரகு இருக்கிறது என்று அர்த்தம். காரில் தரகு என்றால் மிளகாயிலும் தரகு. அப்புறம் என்ன ஒட்டும் உறவும்? அண்ணன் தம்பி பங்கு பிரிக்காமல் வைத்திருந்த பூமி, நடுவில் ஒரே கிணறு. தை பிறந்ததும் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். அவன் நல்லபடியாக முடித்துவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை.

ஷோரூமில் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. நடுவில் வெள்ளைக் கார் ஒன்று, மாலை போடாத குறையாக நின்றது. சத்யப்பிரியா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் ஓடி வந்து நாற்காலி போட்டாள், மோர் கொடுத்தாள். மோருக்கும் சேர்த்துத்தான் விலை போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சண்முகவள்ளி அதை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

காரைச் சுற்றி வந்தாள். கதவைத் தட்டினாள், சீட்டை அமுக்கினாள், டிக்கிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"இந்தக் காரவே குடுத்துருவியா தாயி?"

"இது டிஸ்ப்ளே வண்டிம்மா. உங்களுக்குப் புதுசு வரும்."

"அதானே கேட்டேன். அப்ப இது மாதிரி. மூட்டைக்குள்ள என்ன இருக்குமோ!"

சத்யப்பிரியாவுக்குப் புரியவில்லை. முத்துகிருஷ்ணன் சிரித்தான். "கடைல மாதிரிக்குக் காட்டுற மொளகா ஒண்ணு, மூட்டைல இருக்கது வேறயா இருக்கும். அதச் சொல்றாக" என்றான். அவன் சிரித்தது சண்முகவள்ளிக்குப் பிடிக்கவில்லை. விற்கிறவளுக்கு விளக்கம் சொல்கிறவன் யார் பக்கம்?

"ராமேஸ்வரத்துல வாடகைக்கு ஓட்டுறவங்க நெறய பேரு இதத்தாம்மா எடுத்திருக்காங்க. டெய்லி தனுஷ்கோடி வரைக்கும் போய்ட்டு வருது. ஒரு இடத்துல துரு கிடையாது."

"துரு புடிச்சவன் ஒங்கிட்ட வந்து சொல்லவா போறான்?"

விலைத்தாள் வந்தது. மொத்தம் ஒன்பது லட்சத்து எண்பதாயிரம். சண்முகவள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, களை பிடுங்குகிற மாதிரி வரி வரியாகப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். இன்சூரன்சை வெளியே போட்டால் குறையும் என்று மகள் சொல்லியிருந்தாள்; அதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கியது. சீட் கவர் வேண்டாம் என்றாள், இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் வண்டிக்கு அடியில் ஏதோ பூச்சு என்று ஒரு தொகை இருந்தது.

"அது உப்புக் காத்துக்கும்மா. அடி அரிக்காம இருக்கும்."

"கமுதிக்கு ஏது தாயி உப்புக் காத்து? எங்க ஊர்ல தண்ணிதான் உப்பு. அத நாங்க குடிக்கிறோம், கார் குடிக்காது."

அதுவும் போயிற்று. சத்யப்பிரியா கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரிடம் இரண்டு முறை போய் வந்தாள். கடைசியில் வேர்த்த முகத்தோடு, "ஒம்பது அறுபதும்மா. இதுக்குக் கீழ எங்களால சத்தியமா முடியாது" என்றாள். சத்தியம் என்ற சொல்லை வியாபாரத்தில் கேட்டாலே சண்முகவள்ளிக்குச் சந்தேகம் இரட்டிக்கும். ஓரக்கண்ணால் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் இதுவரை ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. மதுரை விலைக்கு இன்னும் எட்டாயிரம் மேலே நிற்கிறது. சரிதான், கணக்கு சரியாகத்தான் வருகிறது என்று அவள் மனசு சொன்னது. அப்படிச் சொன்னபோது அவளுக்கு வருத்தமாக இல்லை. நான் சொன்னேனே என்கிற தெம்புதான் இருந்தது.

முத்துகிருஷ்ணன் எழுந்தான். "நான் ஒரு வார்த்த பேசிப் பாத்துட்டு வாரேன் மதினி."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. பேச்சு கேட்கவில்லை, ஆள் தெரிந்தது. மேனேஜர் அகமது கபீர் எழுந்து அவனைத் தோளில் தட்டி உட்கார வைத்தார். ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அவர் தலையை ஆட்டினார். பிறகு முத்துகிருஷ்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கையின்மேலும் போட்டான்.

சண்முகவள்ளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கார் விற்கிற கடையில் துண்டு எதற்கு? இங்கேதான் விலையைத் தாளிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்களே! ஒளிக்க என்ன இருக்கிறது, இவனுடைய தரகைத் தவிர? துண்டு அசைந்தது. மேனேஜர் மாட்டேன் என்று தலையாட்டினார். மறுபடி அசைந்தது. அவர் சிரித்தார், கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார்.

முத்துகிருஷ்ணன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். "முடிஞ்சது மதினி. ஒம்பது நாப்பத்தெட்டு."

மதுரை விலைக்கும் நாலாயிரம் கீழே. வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே சாமி கும்பிட்டிருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சண்முகவள்ளிக்கு வெளிச்சமும் பேயாகத் தெரிந்தது. ஒரு நிமிசத்தில் பன்னிரண்டாயிரம் இறங்குகிறது என்றால் உள்ளே எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? அதில் இவனுக்கு எவ்வளவு?

"துண்டுக்குள்ள என்ன பேசினிய தம்பி?"

"விலதான் மதினி."

"என்ன விலன்னு கேக்கறேன்."

"உள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாதுல்ல. ஒங்களுக்குத் தெரியாததா?"

"சொல்ல மாட்டிய. எனக்குத் தெரியும்." அவள் குரல் அவளுக்கே தெரியாமல் ஏறிவிட்டது. "எனக்கு ஒம்பது நாப்பத்தெட்டு. ஒங்களுக்கு எத்தன வெரலு?"

சத்யப்பிரியா தாளைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த மேசையில் கார் பார்க்க வந்திருந்த குடும்பம் பேச்சை நிறுத்தியது.

"மதினி, இங்கன வேணாம். வீட்ல போய்ப் பேசுவோம்."

"ஏன், இங்கன பேசினா என்ன? மதுரைல ஒம்பது அம்பத்திரண்டுன்னு நான் முன்னாடியே கேட்டு வச்சிட்டுத்தான் வந்தேன். ஆழம் பாக்கத்தான் வந்தேன். இந்தக் கார் கெடக்குது. இம்புட்டு வருசமும் எம் மொளகாய்க்கு எத்தன வெரலு எடுத்திய? அதச் சொல்லுங்க!"

முத்துகிருஷ்ணன் அவளைப் பார்த்தான். ஏதாவது கத்துவான், சத்தியம் செய்வான், அதை வைத்து அவன் குட்டை உடைக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த மேனேஜர் பக்கம் திரும்பி, "வாரேன் பாய்" என்றான். கதவைத் திறந்து வெயிலில் இறங்கி நடந்தான்.

அகமது கபீர் அவள் எதிரே வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, உள்ள பேசினத சொல்லக் கூடாதுதான். எங்க வாப்பா ஆட்டு யாவாரி, சந்தைல அவுகளும் துண்டு போட்டுத்தான் பேசுவாக. இத நான் சொன்னேன்னு கேட்டா ஏசுவாக. ஆனா இது தாங்கல. எங்களுக்கு ஒம்பது அறுபதுதான் கடைசி. அதுக்குக் கீழ வெளிப்படையாச் சொன்னா, அந்தா ஒக்காந்திருக்காங்களே, அவுகளும் அதயே கேப்பாக. ஆள் கூட்டியாரவுகளுக்கு நாங்க நாலாயிரம் குடுப்போம். அத எனக்கு வேணாம், விலைல கழிங்கன்னாரு. நான் சரின்னேன். அப்பறம் விடாம இன்னும் ரெண்டு வெரலப் புடிச்சாரு. தைக்குள்ள எங்க ஊர்லேந்து ரெண்டு பேரக் கூட்டியாரேன், அந்த நாலும் நாலும் இப்பவே கழிங்கன்னாரு. மூணு நாலு பன்னெண்டு. வெளிய சொல்லிராதிய பாய், மதினிக்குத் தெரிஞ்சா ஒங்க பணம் எனக்கு எதுக்கும்பாகன்னாரு. அம்புட்டுதாம்மா."

முதலில் அவளுக்குத் தோன்றியது, இந்த மேனேஜரும் கூட்டாளிதானோ என்பதுதான். அவ்வளவு ஊறிப்போன புத்தி. அடுத்த கணம் அந்த நினைப்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. தரகு இருந்தது, அவள் மோப்பம் பிடித்தது பொய்யில்லை. அதை முத்துகிருஷ்ணன் அவளிடமே கொடுத்திருந்தான். சண்முகவள்ளிக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அட்வான்ஸ் எதுவும் இப்ப வேணாம்மா. மொதல்ல அவரப் பாருங்க" என்றார் கபீர். சத்யப்பிரியா தன் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் விட்டாள்.

கமுதி பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. முத்துகிருஷ்ணன் ஜன்னலோரம் இருந்தான். சண்முகவள்ளி ஏறி, அவனுக்கு எதிர் வரிசையில் பொம்பளைகள் சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. ஊர் எல்லை தாண்டியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"பாய் எல்லாம் சொல்லிட்டாரு தம்பி. நான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

"சொல்லியிருக்கக் கூடாது அவரு."

"மன்னிச்சுக்கங்க. திரும்பப் போவோம். ஒங்க கையாலயே அட்வான்ஸ் குடுங்க."

அவன் வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் கோபமே இல்லை; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மதினி, மொளகா வித்த அன்னைக்கி சாயங்காலமே நீங்க அடுத்த கடைக்குப் போய் வில விசாரிப்பிய. எல்லா வருசமும். கடைக்காரங்க எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாங்க. நான் ஒண்ணும் நெனைக்கல. அண்ணன் இல்ல, ஒத்தையில கெடக்காக, கேட்டா மனசு ஆறும்னா கேட்டுட்டுப் போகட்டும்னு இருந்தேன். தனியாக் கேட்டிய, பொறுத்தேன். இன்னைக்கி நாலு பேரு முன்னாடி கேட்டுட்டிய."

"தம்பி..."

"கார் வில ஒம்பது நாப்பத்தெட்டுதான். அதுல மாத்தமில்ல. சொன்னபடி அந்த ரெண்டு பேரயும் நான் கூட்டிட்டுப் போவேன். நீங்க போய் எடுத்துக்கங்க. தை பொறந்ததும் பூமியப் பங்கு வச்சிருவோம். மொளகாய்க்கு வேற கை பாத்துக்கங்க மதினி."

எத்தனையோ முறை அவனுக்கு எதிராகத் தன் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை அது. அதை அவன் வாயால் கேட்டபோது அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். முத்துகிருஷ்ணன் காசை நீட்டினான். "கமுதி ஒண்ணு."

கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவுகளுக்கு?"

"அவுக எடுத்துக்குவாக."

சண்முகவள்ளி கைப்பையைத் திறந்தாள். அவனோடு எத்தனை தடவை இந்த ரோட்டில் போயிருக்கிறாள், வந்திருக்கிறாள். உரம், விதை, சாக்கு, சணல் என்று எல்லாவற்றுக்கும் நாலு கடையில் விலை விசாரித்தவள், இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

"கமுதிக்கு எம்புட்டுய்யா?" என்று கேட்டாள்.