எண்ணெய்க் குப்பியில் போர்ட் ஒயின்

ஆவுடைநாயகம் பிள்ளை குற்றாலத்தில் ஒயின் கடை வைத்தது அவர் மாமனாருக்குப் பிடிக்கவில்லை. மதுவிலக்கெல்லாம் வருவதற்கு முந்தின காலம்தான். ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! தென்காசியில் அரிசி மண்டி வைத்திருந்த மாமனார் வல்லிநாயகம் பிள்ளை, "இந்தச் சாரல் சீசன் முடியுததுக்குள்ள கடை ஓடலைன்னா, பேசாம வந்து மண்டியில தராசு பிடியும்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். தராசு பிடிப்பது கேவலமில்லை. அந்த மனுஷன் முகத்தில் காலையும் மாலையும் முழிக்க வேண்டுமே!

சரக்கில் ஒரு குறையும் இல்லை. தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்து இறங்கிய போர்ட் ஒயின், இனிப்பும் சிவப்புமான சீமைச் சரக்கு. பங்களா துரைமார் வாங்கினார்கள், ஆனால் துரைமார் எத்தனை பேர்? கூட்டமாக வந்ததெல்லாம் வக்கீல்களும் பென்ஷன்காரர்களும். அருவியில் நடுங்க நடுங்கக் குளித்துவிட்டு ஒரு வாய் குடித்தால் தேவலை என்பவர்கள். வருஷத்துக்கே அந்த ஒரு வாய்தான்! அதற்காக முழுப் பாட்டிலைத் திறந்தால் மிச்சம் புளித்துப் போகும். ஊருக்குக் கொண்டுபோனால் வீட்டில் சாமி ஆடிவிடுவார்கள். கடைக்கு வருவார்கள், பாட்டிலைத் தடவிப் பார்ப்பார்கள், "ஏயப்பா, இம்புட்டா!" என்று போய்விடுவார்கள்.

சின்னப் பாட்டிலில் அடைத்து விற்கச் சர்க்காரில் அனுமதி வாங்கினார். சின்னப் பாட்டில் என்றதும் அவருக்குக் கோலி சோடா பாட்டில்தான் கண்ணில் நின்றது. சோடாக் கடை மாடக்கண்ணுவிடம் ஒயினைக் கொடுத்து, "இதுல அடைச்சுக் குடுலே" என்றார். காஸ் ஏற்றாமல் கோலி பாட்டில் வாயில் எங்கே நிற்கும்? அவனும் வழக்கப்படி காஸை ஏற்றி அடைத்துவிட்டான்.

முதல் பாட்டிலை வாங்கியவர் பென்ஷன் தாசில்தார் நமசிவாயம். சத்திரத்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கோலியை அமுக்கினார். வேட்டுப் போட்ட மாதிரி சத்தம்! பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். வேட்டி, திருநீறு, சுவர் எல்லாம் சிவப்பு நுரை. "இருமல் மருந்துய்யா" என்றார் பாவம். யார் நம்புவார்கள்? மனுஷர் விடிந்ததும் மூட்டை கட்டினார். அதன்பிறகு கடைப் பக்கம் ஒருத்தரும் தலைகாட்டவில்லை.

ஆவுடைநாயகம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அருவிக்குப் போறவுக கையில என்ன இருக்குன்னு பாத்தீகளா?" என்றாள்.

பார்த்தார். எண்ணெய்க் குப்பி! குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் எவன் குளிக்கிறான்? குப்பியோடு போகிறவனை என்னவென்று யார் கேட்கப் போகிறார்கள்? ஒருத்தருக்கு ஒரு தடவைக்குச் சரியான அளவு. புளிப்பதற்கு மிச்சமே இருக்காது. தக்கையைப் பிடுங்கினால் சத்தமும் வராது. "ஏட்டி, எப்பிடிட்டி உனக்குத் தோணிச்சு!" என்று குதித்தார்.

பிறகென்ன! எண்ணெய்க் குப்பிகளில் ஒயினை அடைத்துத் தக்கை போட்டு அலமாரியில் அடுக்கினார். வக்கீல்கள் துண்டும் குப்பியுமாக ஜம்மென்று நடந்தார்கள். வைக்க வைக்க அலமாரி காலியானது.

அந்த நேரம் பார்த்து வல்லிநாயகம் பிள்ளை வந்து இறங்கினார். வியாபாரம் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குளிச்சிட்டு வாரேன், மூட்டையக் கட்டி வையும்" என்று அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

"மாமா, அது எண்ணெய் இல்ல மாமா!" என்று கத்திக்கொண்டே ஆவுடைநாயகம் ஓடினார். அருவி இரைச்சலில் எங்கே கேட்கும்? பெரியவர் குப்பியை வழுக்கைத் தலையில் கவிழ்த்துச் சூடு பறக்கத் தேய்த்தார். நெற்றியில் சிவப்பாக வழிந்தது. "ஐயோ, மண்டை உடைஞ்சு போச்சே!" என்று அலறினார். வழிந்தது உதட்டுக்கு வந்தது. நாக்கு அதைத் தொட்டது. அலறல் நின்றுவிட்டது.

போச்சு, இனித் தராசுதான் என்று ஆவுடைநாயகம் கைகட்டி நின்றார். பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குப்பியில் மிச்சமிருந்ததை வாயில் கவிழ்த்துக்கொண்டு அருவிக்குள் புகுந்தார். வெகுநேரம் நின்று குளித்துவிட்டு முகம் மலர வெளியே வந்தார்.

"மூட்டையக் கட்டவா மாமா?"

"எதுக்கு? தராசு பிடிக்க ஆளா கெடைக்காது? நீரு கடையப் பாரும்." ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "என் பையில ரெண்டு குப்பி வையும். உம்ம அத்தை கேட்டா மூட்டுவலித் தைலம்னு சொல்லிரும்" என்றார்.