தொண்ணூற்றொன்பது பேர் வந்த வீடு

நிணநீர்ப் புற்றுநோய் என்று உறுதியான செவ்வாய்க்கிழமை மாலை, லிஃப்ட் மெக்கானிக்கின் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று லிஃப்டில் எழுதியிருந்ததை மதித்து, பதின்மூன்று தடவையாக ஏறி வந்தார்கள். கதவைத் திறந்தவள் மெக்கானிக்கின் மனைவி. திரைச்சீலை தைக்கிறவள், எதையும் அளக்காமல் வெட்டமாட்டாள். வந்தவர்களையும் மேலும் கீழும் கண்ணால் அளந்துவிட்டு, யார் நீங்கள் என்று கேட்டாள். முன்னால் நின்ற கிழவி, தபால் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், பதில் சொன்னாள். "காலையில டாக்டரம்மா நூறு பேர்ல எழுபது பேருன்னு சொன்னாங்கல்ல? உங்க வீட்டுக்காரர் ஒருத்தர். மிச்சப் பேரு நாங்கதான்."

டாக்டரம்மா அப்படிச் சொன்னது உண்மை. கழுத்தில் கோலிக்குண்டு போல எழும்பியிருந்த கட்டியை, இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்த வேலையால் வந்த சுளுக்கு என்றுதான் மெக்கானிக் நினைத்திருந்தார். அதில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்த டாக்டரம்மா, இந்த வகை வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டி இருக்கிறார்கள் என்றார். மெக்கானிக்கின் காதில் எழுபது விழவே இல்லை. முப்பது மட்டும் விழுந்தது.

வந்த எல்லாருக்கும் அதே நோய், அதே வகை. அவரவர் மருந்துச்சீட்டும் தலையணையும் கொண்டுவந்திருந்தார்கள். கூடத்தில் நாற்பது பேர், படுக்கையறையில் பதினாறு, மாடிப்படியிலும் மொட்டைமாடியிலும் மற்றவர்கள் என்று இடம் பிரித்துக்கொண்டார்கள். கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை வந்து சத்தத்தைப் பற்றிக் கேட்டார். விவரம் சொன்னதும், தன் வீட்டில் சும்மா கிடந்த பாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் மெக்கானிக் நடந்துகொண்ட விதம் அவ்வளவு அழகல்ல. அந்த முப்பது பேர் யார் யார் என்று தேட ஆரம்பித்தார். இருமுகிறவர்கள், சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைப்பவர்கள், சட்டை தொளதொளத்தவர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் இருபத்தாறு பேரைப் பொறுக்கிவிட்டார். தபால்கார அம்மாவை முதல் ஆளாக வைத்திருந்தார். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார், தோள் இரண்டும் கதவு அகலம். அவரை எழுபதில் யோசிக்காமல் சேர்த்திருந்தார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். இரண்டாவது தடவை முடி கொட்டியது. வந்தவர்களில் முடிதிருத்துகிறவர் ஒருவர், தன் புருவமே கொட்டிப்போனவர், மெக்கானிக்கை நாற்காலியில் உட்காரவைத்து மிச்சத்தையும் வழித்துவிட்டார். "அண்ணே, உங்க மண்டை நல்ல உருண்டை. இத்தனை நாளா மறைச்சு வெச்சிருந்தீங்க" என்றார். குமட்டல் வரும்போதெல்லாம் நீச்சல் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மூச்சைச் சின்னச் சின்னதாக விடச் சொல்லிக்கொடுத்தார். அதில் குமட்டல் அடங்கியது. எட்டாம் மாதம் எல்லாருக்கும் முன்னால் போனவர் அந்த நீச்சல் ஆசிரியர்தான்.

அன்று மெக்கானிக் சாப்பிடவில்லை. மனைவி விடாமல் கேட்டதும் சொன்னார். "அவர் போனார்னு கேட்டதும், முப்பதுல ஒண்ணு கொறஞ்சுதுன்னு தோணிச்சு. ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. நான்லாம் மனுஷனா?"

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "உங்களுக்கு மட்டுந்தான் அப்படித் தோணும்னு நெனைப்பா? அன்னிக்கு வாந்தி நிக்காம நீங்க சுருண்டு கெடந்தப்ப, இந்தக் கூடத்துல எத்தனை பேரு என்னென்ன நெனைச்சாங்களோ. ஆனா வாளியப் புடிச்சது அவங்கதான். சாப்பிடுங்க. இனிமே இந்த வீட்டுல யாரையும் எண்ணக்கூடாது."

அதற்குப் பிறகு அவர் ஆட்களைப் பொறுக்குவதை விட்டுவிட்டு, அவர்களோடு பழக ஆரம்பித்தார். ஆறாவது மருந்தோடேயே கட்டி கரைந்திருந்தது. மறுபடி வேலைக்குப் போனார். முதல் இரண்டு வருடத்தில் இருபத்துமூன்று பேர் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் மனைவி தைத்த வெள்ளைத் துணி ஒன்று அவர்களோடு போனது. மூன்றாம் வருடம் நான்கு பேர். நான்காம் வருடம் இரண்டே பேர். இரண்டு வருடம் நோய் திரும்பாமல் கடந்துவிட்டால் பயம் வெகுவாகக் குறையும் என்று டாக்டரம்மா சொன்னது அப்படியே நடந்தது. எண்ணக்கூடாது என்றாலும், இருபத்தொன்பது பேர் போயாயிற்று என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஐந்தாம் வருடம் அந்த வீட்டில் மரியாதை தாங்க முடியாத அளவுக்குப் போனது. எல்லாரும் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். யாராவது தும்மினால் எழுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். எண்பத்து நான்கு வயதான தபால்கார அம்மா, "இந்த இழுபறி எதுக்கு, நான் போறேன்" என்று பையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. முடிதிருத்துகிறவர் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தார்.

அதன்பின் ஒரு திங்கட்கிழமை மெக்கானிக்குக் காய்ச்சல் வந்தது. தாடைக்குக் கீழே வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது படிகளில் எல்லாரும் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்கள். ஸ்கேன் அறைக்குள் அவர் போனதும் மனைவி டாக்டரம்மாவிடம், "முப்பதுல ஒண்ணு பாக்கி இருக்கு டாக்டர்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உடைந்தது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா அவளை உட்காரவைத்தார். "முப்பது பேர் போயே ஆகணும்னு யாரும் சட்டம் போடலம்மா. உங்களுக்கு முன்னாடி வந்தவங்கள எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. நடந்தது என்னன்னு அதுக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரருக்கு நடக்கப்போறது அதுக்குத் தெரியாது. அப்ப இருந்த மருந்தும் இப்ப இருக்கற மருந்தும்கூட ஒண்ணு இல்ல."

பரிசோதனையில் நோய் எதுவும் தெரியவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று சீழ் வைத்திருந்தது. பிடுங்கினார்கள். அந்தச் சொத்தைப் பல்லை மறுநாள் வீட்டில் எழுபது பேர் கைமாற்றிப் பார்த்தார்கள். தபால்கார அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்து வருடம் நிறைந்த நாளன்று, டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தோடு தானே வீட்டுக்கு வந்தார். மொட்டைமாடியில் ஆரம்பித்துக் கூடம்வரை தலை எண்ணினார். எழுபது என்றார். அப்படியானால் முப்பதாவது ஆள் ஒருவர் போயிருக்கவேண்டும். மறுபடி எண்ணினார், எழுபதுதான் வந்தது. மெக்கானிக் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மனைவி ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்து, "தபால்காரம்மா எங்க?" என்றாள்.

"குளிக்க விடமாட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கதவு திறந்து அவள் ஈரத்தலையோடு வெளியே வரும்வரை டாக்டரம்மா பேனாவைத் திறக்கவில்லை. பிறகு நோட்டில் பழைய கணக்காக எழுபது என்று இருந்ததை அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று எழுதினார். நாளைக் காலை புதிதாக ஒருத்தர் வருகிறார், அவரிடம் இதைத்தான் சொல்லவேண்டும் என்றார். கிளம்பும்போது மனைவியிடம் மெல்லக் கேட்டார். "கணக்கு முடிஞ்சுபோச்சு. இனி இவங்க எல்லாரும் எங்க போவாங்க?"

"எதுக்குப் போகணும்?" என்றாள் மனைவி.

இப்போது அந்த வீட்டில் அவளையும் சேர்த்து எழுபத்திரண்டு பேர். காலையில் குளியலறைக்கு முன்னால் வரிசை படிவரை நிற்கிறது. பழைய மரியாதையெல்லாம் போய்விட்டது. தண்ணீரை யார் தீர்த்தது என்று தினமும் சண்டை.