பாடை ஏறிய பெயர்

ஜோகுபாளையத்தில் அப்பாதுரையின் மூத்த பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் 1991 டிசம்பரில், காவிரிக் கலவரம் அடங்கிய வாரம், செத்துப்போனது. அதற்குப் பத்தொன்பது வயது. நோய் நொடி எதுவும் இல்லை. காலையில் இருந்தது, மத்தியானம் இல்லை. யாரும் எடுத்து அடக்கம் செய்யாததால் நாற ஆரம்பித்தது. அந்த வாரம் தமிழ் போர்டு மாட்டிய கடைகள் பாதி திறக்கவில்லை, பால் வண்டி ஒழுங்காக வரவில்லை. அதனால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வள்ளியம்மாவிடம் பிள்ளை வந்து உட்கார்ந்து, "அம்மா, இனிமே என்ன அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாத. நான் பையன் இல்ல, என்னைக்குமே இல்ல. எம் பேரு சங்கமித்ரா" என்றாள். பீரோ மேல் புத்தர் படம் இருக்கிற வீடு அது. சங்கமித்ரா யார் என்று அவர்களுக்குத் தெரியும். வள்ளியம்மா பழைய பெயரைச் சொல்லி ஓர் அதட்டு அதட்டினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு வாசல் மோரிச் சாக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பீரோவுக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் மூன்றாம் நாள் எப்படி நாறுமோ அப்படி நாறியது அவள் வாய். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் தாள் நாறும், படிக்கிறவர் அன்றைக்குச் சாப்பிட முடியாது.

தெருக்காரர்கள் மோரியைச் சந்தேகப்பட்டார்கள். கல் பெயர்த்து, சேறு வாரி, பினாயில் ஊற்றினார்கள். எலிப்பொறி வைத்தார்கள். அப்புறம்தான் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார்கள்: அவளை அந்தப் பெயர் சொல்லி அழைத்தவருக்குத்தான் வாய் நாறுகிறது. மூலைக் கடை மளிகைக்காரருக்கும் அதே பெயர்தான், அவரைக் கூப்பிட்டால் ஒன்றும் இல்லை. யாரைச் சொல்கிறோம் என்று வாய்க்குத் தெரிந்திருந்தது. எதிர்வீட்டு பெர்னதெத் மட்டும், சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏய் சங்கமித்ரா, கறிக்கொழம்பு இருக்குது, கிண்ணம் எடுத்துக்கினு வாடி" என்று கத்திப் பார்த்தாள். பிறகு தெருவில் நின்று, "ஒண்ணுமே ஆவலப்பா! வாய் வாயாத்தான் இருக்குது" என்று எல்லாருக்கும் ஊதிக் காட்டினாள். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக லவங்கம் வாங்கினார்கள். ஏலக்காய், சோம்பு, பச்சைப் புதினா வாங்கினார்கள். மளிகைக்காரர் அந்த வருஷம் லவங்கத்திலேயே மாடி எடுத்தார். ஒரு பெயரைச் சொல்ல மூன்று விநாடி ஆகும். அதைச் சொல்லாமலிருக்க அந்தத் தெரு பன்னிரண்டு வருஷம் லவங்கம் மென்றது.

அப்பாதுரையின் தம்பி ரங்காதான் இதில் முன்னால் நின்றான். "ஆயிரம் நாறட்டும், எங்க அண்ணன் வச்ச பேரு, அதத்தான் சொல்வேன்" என்று மீசையை நீவிக்கொண்டே சொல்வான். சொல்லி முடித்ததும் அவன் பெண்டாட்டியே நான்கடி தள்ளி உட்காருவாள். நாற்றம் பேரிலிருந்து இல்லை, பேருக்கு உரியவளிடமிருந்துதான் வருகிறது, அவளை அனுப்பினால் போய்விடும் என்று அவன்தான் முதலில் சொன்னான். வள்ளியம்மாவும் அதை நம்பினாள். சங்கமித்ரா ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். நாற்றம் போகவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அம்மா வாசலில் நின்று சங்கமித்ரா என்று அவளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். சொத்து கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதைக்கூடக் கொடுத்திருப்பார்கள்.

பீன்யாவில் அவள் பிரஸ் மெஷின் ஓட்டிய ஃபேக்டரியில் ஷிஃப்டு ஆரம்பிக்கும்போது சூப்பர்வைசர் பேர் கூப்பிடுவார். தினமும் அவள் முறை வந்ததும் ஷெட்டே மூக்கைப் பிடித்தது. பேரை மாற்றிக் கூப்பிட்டால் தீரும் என்று அவள் சொன்னாள். ஆளை நிறுத்தினால் தீரும் என்று முதலாளி முடிவெடுத்தார். பிறகு சிவாஜிநகரில் சந்துக்குள் இருக்கும் ஒரு ஹமாமில், விறகு போட்டு வெந்நீர் காய்ச்சி ஊருக்குக் குளியல் கொடுக்கும் வீட்டில், அவளைப் போன்றவர்களோடு தங்கினாள். பகலில் துணிக்கடைகளுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள். வாய் கழுவ ஜோகுபாளையத்திலிருந்தே ஆட்கள் அந்த ஹமாமுக்கு வந்தார்கள். அவள் காய்ச்சிய வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, வெளியே போய் அவளைப் பற்றிப் பேசி, மறுபடி கொப்பளிக்க வந்தார்கள்.

அவளைச் சொல்ல ஊரில் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. பஸ் கண்டக்டரிடம் ஒன்று இருந்தது, போலீஸ்காரரிடம் மூன்று மொழியில் மூன்று இருந்தன, பள்ளிக்கூடப் பையன்கள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். இவை நாறவில்லையா என்று கேட்டால், நாறின. முன்பே நாறியவை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அல்சூரில் ஒரு டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். அது அவளுக்கு இல்லாத வியாதி. 1999-ல் அவளைப் போன்றவர்களுக்காக ஓர் அமைப்பு நடத்திய கூட்டத்தில் சஹானா என்ற பெண் போர்டில், 'ஆணாக இருந்து பெண்ணாக மாறியவர்' என்று எழுதினாள். சங்கமித்ரா எழுந்து, "நான் எங்கம்மா மாறினேன்? இருந்த எடத்துலயேதான் இருக்குறேன். கூப்புட்டவங்கதான் தப்பாக் கூப்புட்டாங்க" என்றாள். சஹானா, "ஆமா, சாரிக்கா" என்று அழித்துவிட்டு, 'பெண். பிறந்தபோது பிறர் ஆண் என்று சொன்னார்கள்' என்று எழுதினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வானம் இடிந்து விழவில்லை, யார் வாயும் நாறவில்லை. அறியாமை என்று இந்த ஊர் சொல்லிக்கொள்கிறதே, அது அரை நிமிஷத்தில் தீருகிற சரக்கு. மீதி பன்னிரண்டு வருஷத்துக்கு வேறு பெயர் உண்டு. அதை அவரவரே வைத்துக்கொள்ளட்டும்.

அப்பாதுரை இத்தனையிலும் வாய் திறக்கவில்லை. மகளைப் பழைய பெயரிலும் கூப்பிடவில்லை, புதிய பெயரிலும் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால், "இந்தா", "சாப்ட்டியா" என்பதோடு சரி. அவர் வாய் நாறவில்லை என்று தெருவில் அவரை நல்லவர் என்றார்கள். ஆனால் அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கலவரத்தின்போது பீன்யாவிலிருந்து அவர் வந்த பஸ்ஸை நிறுத்தி, கையில் கட்டையோடு பேர் கேட்டார்கள். "பசவராஜு" என்று ஒரு கன்னடப் பேரைச் சொல்லித் தப்பித்தார். கூட வேலை பார்த்த கன்னடக்காரர் கோவிந்தப்பா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாரம் ஒளித்து வைத்தார். வெளியாட்கள் முன்னால் பசவராஜு என்றே கூப்பிட்டார், கதவைச் சாத்தியதும், "ஒளகெ பா, அப்பாதுரை" என்று உள்ளே கூப்பிடுவார். கதவு சாத்தும் சத்தத்துக்காகவே நாள் பூராக் காத்திருந்ததாக அப்பாதுரை பிற்பாடு சொன்னார். ஒரு வாரம் அடுத்தவன் பெயரில் இருந்ததற்கே அவருக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் அப்படி இருந்தவள் அதே வாரம் அவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. நல்லவர்தான்.

2003-ல் இளையவன் சீனுவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதியை நாத்தனார் போடுவது முறை. சங்கமித்ரா பொண்ணுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்து, தானே ஃபால்ஸ் தைத்து, பெர்னதெத்திடம் கொடுத்தனுப்பினாள். முடிச்சு நான் போடுகிறேன் என்றும் சொல்லியனுப்பினாள். வள்ளியம்மா புடவையை வாங்கிக்கொண்டாள். "ஒரே ஒரு நாளு பேண்ட்டு சட்ட போட்டுக்கினு அண்ணனா வந்து நிக்கச் சொல்லு பெர்னதெத்து. ஊர் வாயை மூடணும்ல?" என்றாள். பெர்னதெத், "ஊர் வாய்தான நாறுது, மூடித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சங்கமித்ரா போகவில்லை. முடிச்சை ரங்காவின் மகள் போட்டாள்.

பந்தி நடக்கும்போது ரங்கா மைக்கைப் பிடித்தான். அன்பளிப்புகளை வாசித்துக்கொண்டு வந்தவன், பட்டுப்புடவையைத் தூக்கிக் காட்டி, மாப்பிள்ளையின் அண்ணன் இன்னார் கொடுத்தது என்று அந்தப் பெயரைச் சொன்னான். மைக்கில் சொன்னதால் மண்டபத்தின் நான்கு மூலை ஸ்பீக்கரிலிருந்தும் நாறியது. இலையில் சாம்பார் நுரைத்தது. தயிர் பச்சையானது. பொண்ணு வீட்டார் எழுந்து போய்ச் சமையல்காரரின் சட்டையைப் பிடித்தார்கள். அந்த ஆள் பாவம், "சத்தியமா காலையில கறந்த பாலுங்க" என்று அழுதார். அப்போது அப்பாதுரை மேடையேறி, தம்பி கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அவர வுடுங்க. சோறு கெடல, தயிரு கெடல. எங்க வீட்டுல ஒரு பொணம் கெடக்குது. பன்னெண்டு வருசமா எடுக்காம வச்சிருக்கோம். நாறாம என்னா பண்ணும்? நாளைக்கு எடுக்குறேன். எல்லாரும் வந்துருங்க."

வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது முறை. மறுநாள் மத்தியானம் தப்பட்டை செட்டு வந்தது. மூங்கில் வெட்டிப் பாடை கட்டி, சாமந்தியும் ரோஜாவும் சுற்றினார்கள். அப்பாதுரை ஒரு புது மண்சட்டிக்குள் வாயை வைத்து, மகளுக்கு வைத்த பழைய பெயரைக் கடைசியாக ஒரு தடவை சொன்னார். சட்டியை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினார். அதைப் பாடையில் வைத்ததும் நாலு பேர் தூக்க முடியாமல் ஆறு பேர் தோள் கொடுத்தார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளையின் கனம் இருந்தது என்று தூக்கியவர்கள் சொல்கிறார்கள். கோவிந்தப்பா பீன்யாவிலிருந்து மாலை வாங்கிக்கொண்டு வந்து முன்னால் தோள் கொடுத்தார். ரங்காவும் கூடவே நடந்தான். அண்ணன் வச்ச பேருக்குக் கடைசி மரியாதை என்றான்.

பெர்னதெத் சொல்லி சங்கமித்ராவும் வந்திருந்தாள். பச்சைப் புடவை, எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை. அவள் அழவில்லை. அழ வேண்டியது அவளுடைய வேலை இல்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனை வரைக்கும்தான். பாடை முனையைத் தாண்டியது. ஆம்பளைகள் எல்லாரும் தாண்டினார்கள். தாண்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தாண்டவில்லை. பொம்பளைகள் நிற்கிற கோட்டில் நின்றாள். பக்கத்தில் வள்ளியம்மா நின்றிருந்தாள். வள்ளியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தப்பட்டைச் சத்தம் ஓய்ந்தபோது வள்ளியம்மா தன் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தாள். பிறகு திரும்பாமலே, "சங்கமித்ரா, உள்ள போயி ஒரு கொடம் தண்ணி எடுத்து வாசல்ல வையி. வர்றவங்க கால் கழுவணும்ல" என்றாள்.

"பன்னெண்டு வருசம் ஆச்சு உனக்கு, இதச் சொல்ல."

"ஆச்சுடி."

"கொஞ்சமா நஞ்சமா?"

"இல்லதான்" என்றாள் வள்ளியம்மா. "திட்டிக்க. ஆனா தண்ணி எடுத்து வை."

சங்கமித்ரா தண்ணீர் எடுத்து வைத்தாள். ஆனால் ஊற்றவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் சட்டியைப் புதைத்துவிட்டுப் புழுதிக்காலோடு வந்து வாசலில் நின்றார்கள். சாவு வீட்டு வாசலில் கால் கழுவாமல் ஒருவரும் தன் வீட்டுக்குள்கூட நுழைய முடியாது. அவள் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "கேட்டவங்களுக்குத்தான் ஊத்துவேன். பேரச் சொல்லிக் கேளுங்க" என்றாள். முதலில் அப்பாதுரை வந்து, "சங்கமித்ரா, அப்பாவுக்குத் தண்ணி ஊத்தும்மா" என்றார். ஊற்றினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவள் அவர் காலை மட்டும் பார்த்தாள். கோவிந்தப்பா, "ஸ்வல்பா நீரு ஹாக்கம்மா, சங்கமித்ரா" என்றார். சீனு கேட்டான். மளிகைக்காரர் கேட்டார். தெரு மொத்தமும் வரிசையில் நின்று கேட்டது. அவள் யாரையும் மன்னிக்கவில்லை. தண்ணீர் ஊற்றினாள், அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு சிலர் சிரித்தபடி போனார்கள்.

கடைசியாக ரங்கா. அவன் கேட்கவில்லை. பழைய பெயரைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தான், அது மண்ணுக்குள் இருந்தது, வரவில்லை. புதிய பெயரைச் சொல்ல மாட்டேன் என்று உதட்டைக் கடித்தான். கால் கழுவாமல் தன் வீட்டுக்குப் போக அடி எடுத்தான், கால் வரவில்லை. அங்கேயே நின்றான்.

இன்னும் அங்கேதான் நிற்கிறான். அவன் பெண்டாட்டி காலையிலும் சாயங்காலமும் வந்து ஊட்டிவிட்டுப் போகிறாள். மழை வந்தால் பெர்னதெத் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிடுகிறாள். தெருவுக்குத் தார் போட வந்தவர்கள் அவனைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் வளைந்து போகப் பழகிவிட்டார்கள், விலாசம் கேட்பவர்களுக்கு, "ரங்கா நிக்கிறாரு பாரு, அதுக்கு அடுத்த வீடு" என்கிறார்கள். சில வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து திருநங்கை என்ற சொல் வந்தது. பேப்பரில் படித்துவிட்டு, "நல்ல வார்த்ததான், ஊருக்கு இருக்கட்டும். வூட்டுக்கு எம் பேரே போதும்" என்றாள் சங்கமித்ரா. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஜோகுபாளையம் வருகிறாள். மத்தியானம் வள்ளியம்மா வாசலில் நின்று, "சங்கமித்ரா, சோறு ஆறுது, வாடி" என்று கூப்பிடும்போது அது ரங்காவின் காதுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. அவன் வாயைத் திறப்பான், மூடுவான். செம்பு நிறையத் தண்ணீர் வாசலிலேயே இருக்கிறது. மூன்று விநாடி வேலை.