பந்து இறங்கி வராத நான்கு மாதம்

பிப்ரவரி எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஃபின்டன் மெஸ்கல் அடித்த பந்து நான்கு மாதமும் மூன்று நாளும் கழித்துத்தான் தரைக்கு வந்தது. அதுவரை கில்ஃபார்னன் மைதானத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, மாதா கோயில் மணிக்கூண்டின் பாதி உயரத்தில், தோலும் தையலும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ஹர்லிங் என்ற அயர்லாந்து மட்டைப் பந்தாட்டத்தின் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கோல்கீப்பரான ஃபின்டன் பந்தை ஓங்கி அடித்தார். அது மேலே போய்க்கொண்டிருக்கும்போதே கிளப்பின் செயலாளர் அட்ராக்டா, அதாவது ஃபின்டனின் மனைவி, கேட்டைத் திறந்துகொண்டு வந்து, கோல்ம் டூஹி இனி மேலாளர் இல்லை, தலைவரின் மைத்துனர் இக்னேஷியஸ் ப்ரன்ட்டிதான் புதிய மேலாளர் என்று தாளைப் பார்த்துப் படித்தார். இருபத்தாறு ஆட்டக்காரர்களும் மட்டைகளைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கீழே வந்தால் வாங்கி அடிக்க ஆள் இல்லை என்பதால் பந்தும் வரவில்லை. மாவட்டப் பத்திரிகை இதைக் கன்றுச் சந்தை நிலவரத்துக்குக் கீழே நான்கு வரியில் போட்டது. அதில் ஃபின்டனின் பெயரைத் தப்பாக அச்சடித்திருந்ததைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள்.

தப்பு ஜனவரியிலேயே நடந்துவிட்டது. எங்கள் பங்கில், அதாவது மாதா கோயில் ஆளுகைக்கு உட்பட்ட ஊரில், யாரும் முதல் தடவை கேட்டதற்குச் சம்மதம் சொல்வதில்லை. டீ வேண்டுமா என்று கேட்டாலும், மழையில் காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டாலும், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டாலும் முதல் பதில் வேண்டாம், இரண்டாவது பதில் ஐயோ வேண்டவே வேண்டாம். மூன்றாவது தடவைதான், இவ்வளவு தூரம் சொல்வதால் சரி என்று இழுத்தபடி ஒப்புக்கொள்வார்கள். முதல் தடவையே தலையாட்டுகிறவனை, அலைகிறான் என்பார்கள். கோல்ம் டூஹி பால் லாரி ஓட்டுகிறவர், ஆறு வருஷமாக அணியை நடத்தியவர், இந்த மரியாதையெல்லாம் நன்றாகத் தெரிந்தவர். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் கோர்னீலியஸ் லேசி, "அடுத்த வருஷமும் நீயே பாத்துக்கிறியா கோல்ம்?" என்று கேட்டபோது, "அட வேணாங்க, வேற யாரையாவது பாருங்க" என்றார். மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் லேசி பத்தொன்பது வருஷமாகத் தலைவர். இதே கேள்வியை அதற்கு முன் ஐந்து முறை மும்மூன்று தடவை கேட்டவர். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்பு டப்ளினில், கூட்டங்களைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்ற இரண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்திருந்தார். ஒருவர் இல்லை என்றால் இல்லைதான், மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "சரி, எழுதிக்கோம்மா" என்று அட்ராக்டாவிடம் சொல்லிவிட்டு, கழிவறைக் கூரை ஒழுகும் விஷயத்துக்குப் போய்விட்டார். கோல்ம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். மாட்டேன் என்று சொன்ன மனிதன், நான் சும்மாதான் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டக்காரர்களின் கோரிக்கை இரண்டே இரண்டுதான். கோல்மை இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். இனிமேல் மேலாளரை முடிவு செய்கிற அறையில் ஆடுகிறவர்களும் உட்கார வேண்டும். தலைவர் சிரித்தார். "சம்பளமே இல்லாதவன் எப்படிடா வேலைநிறுத்தம் பண்ணுவான்?" என்று கடையில் தீவன மூட்டை வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். உண்மைதான், ஹர்லிங்கில் யாருக்கும் கூலி கிடையாது. சொந்தப் பணத்தில் மட்டை வாங்கி, சொந்தப் பல்லை உடைத்துக்கொண்டு, சேறான ஜெர்சியை அவரவரே வீட்டில் துவைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அவர்களைப் பட்டினி போட்டுப் பணியவைக்க வழியில்லாமல் போனது. ஆனாலும் ஒருவர் மட்டும் பெரிய விலை கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபின்டனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வலது முட்டிக்குச் செப்டம்பர் கடைசியில் அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நடக்கலாம், ஆட முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபது வருஷம் கோலில் நின்றும் ஓர் இறுதிப்போட்டியைக்கூடப் பார்க்காதவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு கோடைதான். வேலைநிறுத்தத்துக்கு முதலில் மட்டையைக் கீழே வைத்தவரும் அவர்தான்.

அவர் ஊரின் தபால்காரரும்கூட. கமிட்டியின் எச்சரிக்கைக் கடிதங்களை அட்ராக்டா சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் எழுதுவார். மறுநாள் ஃபின்டன் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு இருபத்தைந்து ஆட்டக்காரர்களின் வீட்டுக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். இருபத்தாறாவது கடிதத்தைத் தன் வீட்டுக் கதவின் துளையில் போட்டுவிட்டு, உள்ளே வந்து குனிந்து எடுத்துப் படிப்பார். "கொஞ்சம் கடுமையா எழுதிட்டாங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "செயலாளர் என்ன பண்ணுவா, சொன்னத எழுதுறா" என்றார் அட்ராக்டா. "எனக்கு வந்த லெட்டர்ல ஒரு 'அன்புள்ள' கூட இல்லையே?" "அது கமிட்டி லெட்டர்டா. அன்பு உருளைக்கிழங்குல இருக்கு, சாப்பிடு." இப்படித்தான் அந்த வீட்டில் இரு தரப்புப் பேச்சுவார்த்தை நடந்தது.

பந்தை இறக்கவும் கமிட்டி தன்னால் ஆனதைச் செய்தது. தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது. ஏணி ஓரடி உயர்ந்தால் பந்தும் ஓரடி உயர்ந்து, ஏணி இறங்கியதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பங்குத்தந்தை ஒரு செபம் சொன்னார். பந்து அசையவில்லை, ஆனால் அன்றிலிருந்து அதன் மேல் ஒரு சிட்டுக்குருவி உட்காரத் தொடங்கியது. மழை பெய்தால் பந்துக்கு நேர்கீழே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் புல் நனையாமல் இருக்கும். பக்கத்து வயல் செம்மறியாடு ஒன்று அந்தத் தட்டளவு இடத்தில் தலையை மட்டும் வைத்துப் படுத்துக்கொள்ளும். புது மேலாளர் ப்ரன்ட்டி கெட்ட மனிதர் இல்லை, பாவம். செவ்வாயும் வியாழனும் தவறாமல் வந்து, ஒருவரும் இல்லாத மைதானத்தில் மஞ்சள் கூம்புகளை வரிசையாக அடுக்கிவைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக்கொண்டு போவார். போகும்போது அண்ணாந்து பார்த்து, "வரேன்ப்பா" என்று பந்திடம் சொல்லிக்கொள்வார்.

போட்டிகள் தொடங்கின. பங்கு எல்லைக்குள் குடியிருப்பவர்கள் மட்டுமே பங்குக்காக ஆடலாம் என்பது விதி. ஆகவே எல்லைக்குள் கையும் காலும் ஆடுகிற எல்லோரையும் தலைவர் திரட்டினார். பங்குத்தந்தை, கால்நடை மருத்துவர், இரண்டு ஓய்வு பெற்ற வாத்தியார்கள், இறைச்சி ஆலையில் வேலை செய்யும் ஒரு பிரேசில்காரர் என்று எப்படி எண்ணினாலும் பதினான்கு பேர்தான் தேறினார்கள். ஆட்டத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். தலைவரே பதினைந்தாவதாக நிற்கலாமே என்று யாரோ கேட்டபோதுதான் அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே நாற்பது அடி தள்ளி இருக்கிறது என்பது பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வெளிவந்தது. ஏப்ரலில் ஓர் ஆட்டம், மே மாதத்தில் ஓர் ஆட்டம், ஆடாமலே தோற்றோம். மூன்றாவது ஆட்டத்துக்கும் அணி வராவிட்டால் கில்ஃபார்னனை டிரமாஸ்கியோடு சேர்த்துவிடுவோம் என்று மாவட்ட வாரியம் எழுதியது. டிரமாஸ்கி பக்கத்துப் பங்கு. நூற்றுப் பத்து வருஷமாக எங்களுக்கு ஆகாத பங்கு. அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் ஃபின்டன்தான். மூன்றாவது ஆட்டம் ஜூன் பன்னிரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

வாரியம் அனுப்பிய இணைப்புப் படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வருஷத்துக் கூட்டக் குறிப்புகள் முழுவதையும் கமிட்டி முன்னால் உரக்கப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஜூன் ஒன்பதாம் தேதி அட்ராக்டா எழுந்து நின்று ஜனவரியிலிருந்து படித்தார். "கோல்ம் டூஹி மேலாளராகத் தொடர்வாரா என்று தலைவர் கேட்டார். மாட்டேன் என்றார்." அங்கே நிறுத்தி, பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியின் முடிவில் ஏதோ எழுதினார். மறுபடி படித்தார். "மாட்டேன் என்றார், முதல் தடவை. மற்ற இரண்டு தடவை கேட்கப்படவில்லை." "குறிப்பேட்டுல இப்ப எதுக்கும்மா கை வைக்கிற?" என்றார் லேசி. "நான் எழுதுனதுல பொய் இருந்தா சொல்லுங்க தலைவரே, அடிச்சிடுறேன்" என்றார் அட்ராக்டா. "எம் புருஷனுக்கு ஒரு கோடைதான் பாக்கி. அதுல பாதிய இந்த ஒரு வரி தின்னுடுச்சு. இத நாந்தான் எழுதினேன்." பொருளாளர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். லேசி கோட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கோல்ம் வீட்டுக்கு நடந்தார்.

அங்கே கோல்மின் மனைவி பெர்னடெட் கதவைத் திறந்தார். அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, மேஜையில் அப்போதுதான் வெந்த ஆப்பிள் பணியாரம் இருந்தது. "டீ குடிக்கிறீங்களா தலைவரே?" "வேணாம்மா, இப்பதான் குடிச்சேன்" என்றார் லேசி. "சரி" என்றார் பெர்னடெட். கெட்டிலை இறக்கி வைத்தார், பணியாரத்தை மூடிப் பீரோவில் வைத்துப் பூட்டினார், எதிரே வந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அறுபத்தொரு வயதில் லேசிக்கு இப்படி நடந்ததே இல்லை. பத்து நிமிஷம் வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருந்தார். கோல்ம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் டப்ளின் வகுப்பில் படித்த இரண்டு நாளும் தலைவரை விட்டுப் போய்விட்டது. "கோல்ம்" என்றார், "பிள்ளைங்கள நீதாம்ப்பா பாத்துக்கணும்." "ஐயோ, வேணவே வேணாங்க" என்றார் கோல்ம், ஐந்து மாதம் கையில் வைத்திருந்த இரண்டாவது பதிலைச் சட்டென்று கொடுத்து. "தப்பு எம்மேலதான். அடுத்த கூட்டத்துலேர்ந்து ஆடுறவங்க ரெண்டு பேர் கமிட்டில உக்காரட்டும். நீ வா, கோல்ம்." "இவ்ளோ தூரம் சொல்றீங்க..." என்று கோல்ம் இழுக்கும்போதே பெர்னடெட் பீரோவைத் திறந்துவிட்டார். தலைவர் அன்று மூன்று துண்டு சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை மறுத்துவிட்டுத்தான் எடுத்தார்.

சனிக்கிழமை மாலை ஊரே மைதானத்தில் இருந்தது. இருபத்தாறு பேரும் புல்லுக்குள்ளிருந்து தங்கள் மட்டைகளைத் தேடி எடுத்தார்கள். ப்ரன்ட்டி தன் கூம்புகளைக் கோல்மிடம் ஒப்படைத்தார். கோல்ம் விசில் ஊதினார். பந்து வரவில்லை. இன்னொரு பந்தை எடுத்து ஆடலாமே என்று யாரும் சொல்லவில்லை, அது சரியாகப் படவில்லை. "அடிச்சவன்தான் கூப்பிடணும்" என்றார் கோல்ம். ஃபின்டன் முட்டியைத் தாங்கித் தாங்கி நடந்து, அந்தத் தட்டளவு காய்ந்த புல்லில் போய் நின்று அண்ணாந்தார். "எல்லாம் முடிஞ்சுது, வாப்பா கீழ" என்றார். பந்து அசையவில்லை. "வந்துடு, நாளைக்கு மேட்ச்" என்றார். சிட்டுக்குருவி பறந்துபோனது, பந்து அங்கேயே நின்றது. ஃபின்டன் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது கோட்டுக்கு வெளியிலிருந்து அட்ராக்டா கத்தினார்: "ரெண்டு தடவதான் ஆச்சு ஃபின்டன்! இன்னும் ஒரு தடவ கேளுடா!" ஃபின்டன் மறுபடி நிமிர்ந்தார். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னார், பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "எனக்கு இந்த ஒரு கோடைதான்யா இருக்கு. நீ இல்லாம நான் எங்க போவேன்?" பந்து இறங்கியது. அவசரமே இல்லாமல், வருகிற வழியில் ஒருமுறை தயங்கி, அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. நான்கு மாத மழை பட்டும் உலர்ந்திருந்தது, ரொட்டிபோல வெதுவெதுப்பாக இருந்தது. தலைவர் லேசி தன் தொப்பியை வானத்தில் வீசினார். அது உடனே கீழே வந்தது.

மறுநாள் ஆட்டத்தையும் அதன் பிறகு வந்த எல்லா ஆட்டங்களையும் ஜெயித்தோம். செப்டம்பர் பதினெட்டாம் தேதி இறுதிப்போட்டியில் டிரமாஸ்கியை ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசி நிமிஷத்தில் டிரமாஸ்கிக்காரன் அடித்த பந்தை ஃபின்டன் வெறும் நெஞ்சால் தடுத்தார். அந்தத் தழும்பை இன்றும் கேட்டால் காட்டுவார், மூன்று தடவை கேட்க வேண்டும். இருபத்தாறாம் தேதி முட்டியை அறுத்தார்கள். மயக்க ஊசி போடட்டுமா என்று கேரளத்து நர்ஸ் கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போட்டாள், அவள் ஊரிலும் அப்படித்தானாம்.

ஃபின்டன் கடைசியாக ஆடி ஏழு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் மைதானத்தின் முதல் ஆட்டத்தில் பந்து ஒருமுறை மேலே நின்றுவிடுகிறது. இரு அணியும் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன, அட்ராக்டா குறிப்பேட்டில் நேரத்தை எழுதுகிறார். ஃபின்டன் தடியை ஊன்றிக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்து, கைதட்டல்களுக்கு நடுவே நடு மைதானம் வரை நடந்து போய் மூன்று தடவை கேட்கிறார். வெளியூர் நடுவர்களுக்கும் இது பழகிவிட்டது. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்து, அந்த நான்கு நிமிஷத்தை ஆட்டத்தின் முடிவில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.